மாவில் பிசைந்த நகரம்: ரூத் அசாவாவின் நீரூற்றுகள்

வணக்கம். நான் இப்போது சான் பிரான்சிஸ்கோ நகரில், யூனியன் ஸ்கொயரை ஒட்டிய ஸ்டாக்டன் தெருவில், ஒரு விடுதியின் முற்றத்துக்கு ஏறும் படிகளில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் பெரிய முரசைப் போல வட்டமாக நிற்பதுதான் இன்று நாம் பார்க்கப்போகும் முதல் நீரூற்று. தண்ணீர் எவ்வளவு உயரம் பீய்ச்சி அடிக்கிறது என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். இங்கே தண்ணீர் பின்னணிதான். பார்க்க வேண்டியது தொட்டியின் வெளிச்சுவரை. கேமராவை அருகில் கொண்டுபோகிறேன், பாருங்கள்.

வெண்கலத்தில் ஒரு நகரம் முழுவதும் சுவரைச் சுற்றி ஓடுகிறது. தங்க வாயில் பாலம், மிஷன் டொலோரஸ் தேவாலயம், சைனா டவுன், மேட்டில் ஏறும் கேபிள் கார்கள், மாடி மாடியாக அடுக்கிய மர வீடுகள் என நாம் நிற்கும் இந்தச் சதுக்கத்தை மையமாக வைத்து ஊர் விரிந்து கிடக்கிறது. ஆனால் எந்த வீடும் நேராக நிற்கவில்லை. சன்னல்கள் கோணலாக இருக்கின்றன. சில மனிதர்களின் தலை அவர்களுடைய வீட்டுக் கதவைவிடப் பெரிதாக இருக்கிறது. விரலால் இந்தக் கூரையின் ஓரத்தைத் தடவினால், உளியால் செதுக்கிய கூர்மையோ அரத்தால் ராவிய வழவழப்போ தட்டுப்படாது. உருட்டி, நசுக்கி, ஒட்டி வைத்த ஒன்றின் மழுங்கலான மேடுதான் தட்டுப்படும். காரணம் எளிது. இந்தச் சுவரில் நீங்கள் காணும் ஒவ்வோர் உருவமும் முதலில் மைதா மாவில் செய்யப்பட்டது.

இதைச் செய்தவர் ரூத் அசாவா. 1926ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் நார்வாக் என்னும் ஊரில், காய்கறி பயிரிட்டு விற்ற ஜப்பானியக் குடியேறிகளின் ஏழு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, 2013ஆம் ஆண்டு தம் 87ஆவது வயதில் இந்த நகரிலேயே காலமானவர். இந்த ஊர்க்காரர்கள் அவரைச் செல்லமாக 'நீரூற்று அம்மா' என்று சொல்லும் அளவுக்கு, இங்குள்ள சதுக்கங்களில் அவருடைய கைவேலை நிறைந்திருக்கிறது. கலைச் சந்தையும் அருங்காட்சியகங்களும் அவரை முதன்மையாகக் கம்பிச் சிற்பங்களுக்காகவே கொண்டாடுகின்றன, அது நியாயந்தான். ஆனாலும் அவரை முழுமையாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தெருவில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பொது இடத்தில் வைக்கப்படுவதால் மட்டும் ஒரு சிற்பம் பொதுச் சொத்தாகிவிடாது, செய்யும்போதே பலருடைய கைகள் அதில் பட்டிருக்க வேண்டும் என்று அவர் கருதினார் என்பதை, இந்தச் சுவரைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று வேறில்லை.

நான்கு கோப்பை மைதா, ஒரு கோப்பை உப்பு, ஒன்றரைக் கோப்பை தண்ணீர். இதுதான் அந்த மாவின் அளவு. சப்பாத்திக்குப் பிசைவதைப் போலக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்தால் போதும், எந்த உருவத்தையும் பிடிக்கலாம். வீட்டில் தம் ஆறு பிள்ளைகளோடும், பிறகு பள்ளிகளிலும் அசாவா இதைத்தான் பயன்படுத்தினார். இந்தப் பதிவுக்காக நானும் ஒரு கேபிள் கார் செய்து பார்த்தேன். தடிமனாக வைத்த அடிப்பகுதி, அடுப்பின் மிதமான சூட்டிலேயே உள்ளே வேகாமல் வெளியே வெடித்து, வண்டி இரண்டு துண்டானது. உப்பு மாவு மெல்லியதாக இருந்தால்தான் சொன்னபடி கேட்கும் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தச் சுவரில் உருவங்கள் எல்லாம் அடுக்கடுக்காக, தட்டையாக ஒட்டப்பட்டிருப்பதை அதன் பிறகே கவனித்தேன்.

1970களின் தொடக்கத்தில், இந்த விடுதிக்காக நீரூற்று கேட்கப்பட்டபோது, அசாவா தம் பட்டறைக் கதவை ஊருக்குத் திறந்துவிட்டார். கணவர், பிள்ளைகள், நண்பர்கள், பள்ளிச் சிறுவர்கள் என ஏராளமானவர்கள் வந்து, ஆளுக்கொரு வீடோ மரமோ நாய்க்குட்டியோ மாவில் செய்து வைத்தார்கள். மிஷன் வட்டாரத்தைக் காட்டும் பகுதி, அல்வராடோ தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வேலை. இப்படி உருவான 41 பலகைகளிலிருந்து அச்செடுத்து, அந்த அச்சில் மெழுகை ஊற்றி, மெழுகின் மேல் வெப்பம் தாங்கும் பூச்சு பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலத்தை வார்த்தார்கள். 1973இல் நீரூற்று திறக்கப்பட்டது. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி வார்க்கிறார்களே, அடிப்படையில் அதே மெழுகு வார்ப்புதான். என்ன வேறுபாடு என்றால், அங்கே மெழுகைத் தொடும் கை பல தலைமுறைப் பயிற்சி பெற்றது. இங்கே மாவைத் தொட்ட கைகளில் பல, அன்றுதான் முதன்முதலாகச் சிற்பம் செய்தன. மெழுகு வார்ப்பு இரண்டையும் ஒரே விசுவாசத்தோடு பதிந்துகொள்கிறது. சிறுவன் ஒருவன் அழுத்திய கட்டைவிரல் பள்ளம் இருந்தால், அதுவும் அப்படியே வெண்கலமாகிவிடும்.

இந்த நீரூற்று இங்கிருந்து போய்விடும் நிலையும் ஒருமுறை வந்தது. 2013இல் பக்கத்து இடத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் புதிய கடைக்காக வெளியிடப்பட்ட வரைபடத்தில் நீரூற்றே இல்லை. செய்தி பரவியதும் ஊரார் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அசாவா மறைந்தார். திட்டம் திருத்தப்பட்டு, நீரூற்று முற்றத்திலேயே தங்கியது. கடை 2016இல் திறந்தது. அதோ, அந்தக் கண்ணாடிக் கட்டடந்தான். ஒரு நேர்கோட்டுக் கண்ணாடிச் சுவரும் ஒரு கோணல்மாணல் வெண்கலச் சுவரும் சில அடி இடைவெளியில் நிற்பதைப் பார்க்கும்போது, வரைபடம் போட்டவருக்கு இது ஏன் கண்ணை உறுத்தியது என்பது எனக்கும் புரிகிறது. உறுத்தட்டும்.

இங்கிருந்து பவல்–ஹைட் கேபிள் காரில் ஏறினால், மறுமுனையில் கிரார்டெல்லி ஸ்கொயருக்குப் பக்கத்தில் இறங்கலாம். இப்போது அங்கே வந்துவிட்டேன். இது பழைய சாக்லேட் தொழிற்சாலை. 1960களில் இடிபடாமல் காப்பாற்றப்பட்டு, கடைகளும் உணவகங்களும் கொண்ட வளாகமாக மாறியது. இந்தக் குளத்தின் நடுவே இருப்பது 'ஆண்ட்ரியா', 1968இல் அசாவா வைத்த முதல் பொது நீரூற்று. இரண்டு கடல்கன்னிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் ஆமைகளும் தவளைகளும். அப்போது குழந்தை பெற்றிருந்த தோழி ஒருவரின் உடலிலிருந்தே அசாவா அச்செடுத்தார். நீரூற்றின் பெயரும் அவருடைய பெயர்தான். அதனால்தான் இந்தக் கடல்கன்னியின் தோளும் மார்பும் கதைப்புத்தக அழகியினுடையவை அல்ல. உட்கார்ந்து பாலூட்டும் தாயின் உடலில் விழும் மடிப்பும் தளர்ச்சியும் இங்கே அப்படியே இருக்கின்றன.

இது வந்தவுடன் சண்டையும் வந்தது. வளாகத்தின் நிலவடிவமைப்பைச் செய்தவர் லாரன்ஸ் ஹால்ப்ரின். அவரும் அந்தத் துறையில் மலைபோன்ற பெயர். இந்த இடத்துக்கு, ஆளையோ பொருளையோ காட்டாமல் வெறும் வடிவமாக நிற்கும் உயரமான அருவச் சிற்பம் ஒன்றைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். கடல்கன்னியைக் கண்டு கோபமடைந்து, அதை அகற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். நகரத்துப் பெண்கள் பலர் சிற்பத்தின் பக்கம் நின்றார்கள். கடல்கன்னி இடத்தை விட்டு நகரவில்லை. அசாவாவைப் பொறுத்தவரை, முதியவர்களுக்குத் தங்கள் பிள்ளைப் பருவக் கற்பனை திரும்ப வர வேண்டும், பிள்ளைகளுக்கு வயதான பிறகு நினைத்துப் பார்க்க ஏதாவது கிடைக்க வேண்டும், அதுதான் நோக்கம். இதில் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அருவச் சிற்பம் அறியாதவர் இதைச் செய்திருந்தால் ஹால்ப்ரினின் கோபத்தை ஓரளவு ஏற்றுக்கொள்ளலாம். அசாவாவோ அந்தத் தலைமுறையின் தேர்ந்த அருவக் கலைஞர்களில் ஒருவர். தெரியாததால் அல்ல, தெரிந்தே கடல்கன்னியைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் கம்பிச் சிற்பங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1946 முதல் 1949 வரை வட கரோலைனாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ், கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் புல்லர் ஆகியோரிடம் படித்தவர் அசாவா. இடையில் 1947இல் மெக்சிகோவின் டொலூகாவுக்குப் போனபோது, முட்டை வைக்கும் கம்பிக் கூடைகளை உள்ளூர்க்காரர்கள் கையாலேயே வளையம் வளையமாகக் கோத்துப் பின்னுவதைக் கற்றுக்கொண்டார். அதே பின்னலை நிறுத்தாமல் நீட்டி, கூடைக்குள் கூடை, அதற்குள் இன்னொரு கூடை என்று கூரையிலிருந்து தொங்கும் ஒளிபுகும் வடிவங்களாக ஆக்கினார். கோல்டன் கேட் பூங்காவிலுள்ள டி யங் அருங்காட்சியகத்தின் கோபுரத்தில் அவற்றில் 15 தொங்குகின்றன. அவற்றின் நிழலும் சுவரில் சிற்பமாகவே விழுகிறது. இடை குறுகி மீண்டும் அகலும் அந்த வடிவத்துக்கு அவர் சொன்ன மூலம், சிறுவயதில் குதிரை இழுக்கும் பரம்புப் பலகையின் பின்னால் உட்கார்ந்து, கால் விரல்களால் வயல் மண்ணில் வளைந்து வளைந்து கோடு இழுத்துக்கொண்டு போனது. பரம்படித்த வயலைப் பார்த்தவர்களுக்கு அந்த ஈர மண் எப்படிக் கோட்டை வாங்கிக்கொள்ளும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு அமெரிக்கா மோதத் தொடங்கியிருந்த நேரம், அந்த வயல் 1942இல் கையை விட்டுப் போனது. பிப்ரவரி மாதம் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையினர் (எஃப்.பி.ஐ.) வந்து தந்தையைக் கைது செய்தார்கள். மகள் அவரை மீண்டும் பார்க்க ஆறு ஆண்டுகள் ஆயின. மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்ட ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரோடு, தாயும் பிள்ளைகளும் சாண்டா அனிடா குதிரைப் பந்தயத் திடலில் அடைக்கப்பட்டார்கள். குதிரை நின்ற கொட்டடிதான் குடியிருப்பு. அங்கே உடன் அடைபட்டிருந்த டிஸ்னி நிறுவன ஓவியர்கள் சிலர் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதுதான் முதல் உருப்படியான ஓவியப் பள்ளி. பிறகு ஆர்கன்சா மாநிலத்தின் ரோவர் தடுப்பு முகாம். அதற்கும் பிறகு மில்வாக்கியில் ஓவிய ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது, ஜப்பானிய வம்சத்தவர் என்பதால் பள்ளியில் பயிற்சிக் கற்பித்தலுக்கு இடம் தர மறுத்துவிட்டார்கள். ஆசிரியராக விடப்படாத அந்தப் பெண்தான் 1968இல் தம் பிள்ளைகள் படித்த அல்வராடோ பள்ளியில், பால் அட்டைப்பெட்டியையும் நூல் மிச்சத்தையும் உப்பு மாவையும் வைத்துக் கலைப் பட்டறை தொடங்கினார். இன்று நகரத்தின் அரசுக் கலைப் பள்ளிக்கே அவருடைய பெயர்.

ஜப்பான் டவுனில் புக்கானன் நடைபாதையில் இருக்கும் இரண்டு நீரூற்றுகளைச் சற்று விரைவாகப் பார்த்துவிடலாம். காகித மடிப்புக் கலையைப் பின்பற்றி, தாமரை விரிவதைப் போல மடிப்பு மடிப்பாக அமைந்தவை, 1976இல் வைத்தவை. முதலில் இவற்றைக் கார்டென் எஃகில் செய்தார்கள். மேலே படியும் துருவே அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும் என்பது அந்த எஃகின் குணம். ஆனால் நனைந்து நனைந்து காய்ந்தால்தான் அந்தக் காப்புப் படலம் உருவாகும். எப்போதும் தண்ணீரிலேயே இருந்தால் துரு நிற்காமல் அரித்துக்கொண்டே போகும். நீரூற்றுக்கு இதைவிடப் பொருந்தாத உலோகம் வேறு இருக்க முடியாது! அரித்துப்போனவற்றை 1999இல் வெண்கலத்தில் மீண்டும் வார்த்தார்கள். துறைமுகச் சாலையோரம் 1986இல் வைத்த 'அரோரா' என்ற துருப்பிடிக்காத எஃகு நீரூற்றும் இதே காகித மடிப்பு வகைதான். நேர்த்தியானது, ஆனால் என்னை அது நிறுத்தவில்லை. யாருடைய விரலும் அதில் தெரியவில்லை.

முகாம் நாள்களைப் பற்றி அவர் வெண்கலத்தில் பேசுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சான் ஹோசே நகரில், கூட்டரசுக் கட்டடத்தின் முன் 1994இல் வைத்த நினைவுச் சுவரில், வயல், தந்தையின் கைது, குதிரைக் கொட்டடி எல்லாம் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. அதே மாவு வேலையின் கைப்பழக்கம், அதே சிறிய உருவங்கள், ஆனால் இங்கே பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது.

கடைசியாக, சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறேன். போர்க் காலத்தில் இந்தக் கல்லூரியிலிருந்து பிடுங்கி அனுப்பப்பட்ட 19 ஜப்பானிய அமெரிக்க மாணவர்களின் நினைவாக, 2002இல் அசாவா அமைத்த தோட்டம் இது. பத்துப் பாறைகள், பத்து முகாம்கள். முகம் இல்லை, கை இல்லை, பெயர் பொறித்த உருவம் எதுவுமில்லை. பிள்ளைகளின் மாவுப் பொம்மைகளையெல்லாம் வெண்கலமாக்கிக் காத்தவர், இந்த ஓரிடத்தில் மட்டும் கல்லைக் கல்லாகவே விட்டிருக்கிறார். அந்த மூலையில் ஓர் அருவி விழுகிறது. போர் முடிந்து மேற்குக் கரைக்குத் திரும்பியவர்களுக்காக வைத்தது. மாணவர்கள் இந்தப் பாறைகளில் ஒன்றின் மேல் பையை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒலிவாங்கியை அருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறேன்; ஒரு நிமிடம் அந்தச் சத்தம் மட்டும் பதிவாகட்டும்.