உப்பு எல்லாச் சிலைக்கும் ஒன்றுதான்

(தலைப்பு: “பொது இடச் சிலைகளைச் சிதைப்பது கடற்காற்றா, கவனிப்பின்மையா?” – ‘கவனிப்பின்மையே’ என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணாச்சி, தங்கச்சி, நாற்காலி கிடைக்காமல் மதில்மேல் உட்கார்ந்து கேட்கும் ஊர்மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

அண்ணாச்சி பேசிவிட்டுப் போகும்போது ஒரு கேள்வி கேட்டார். “கடலோர முட்டத்திலே வீடு கட்டினவனைக் கேளுங்க, ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்குதுன்னு. கம்பியையே தின்கிற காற்று சிலையை விட்டுவைக்குமா?” என்றார். நன்றாகக் கை தட்டினீர்கள். தட்டவேண்டிய பேச்சுதான். கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று வீசும்போது அலை உடைந்து தெறிக்கிற சாரல் காற்றோடு ஏறி ஊருக்குள் வருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. மழைக்கு நடுவே சுள்ளென்று வெயிலும் உண்டு. உப்பு ஈரத்தில் கரைந்து கல்லின் நுண்துளைக்குள் போகும். வெயிலில் காய்ந்து பரலாக இறுகும். இறுகும்போது இடம் போதாமல் கல்லை உள்ளிருந்து நெருக்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, ஒருநாள் மேல்தோல் பொருக்காக உதிரும். இதில் ஒரு எழுத்தைக்கூட எங்கள் அணி மறுக்கவில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, காற்று ஆள் பார்த்து வீசுவதில்லை. ஒரே உப்பைத் தின்ற இரண்டு சிலைகளில் ஒன்று நிற்கிறது, ஒன்று விரல் உதிர்ந்து கம்பி தெரிய நிற்கிறது என்றால், வித்தியாசம் காற்றில் இல்லை. வேறு எங்கே என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் சாட்சி கடலுக்குள்ளேயே நிற்கிறார், நம்முடைய ஐயன் வள்ளுவர். 38 அடி பீடம், 95 அடி சிலை, மொத்தம் 133 அடி. கணபதி ஸ்தபதி வடித்து, 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. 3,681 கற்களை அடுக்கி எழுப்பிய சிலை. கருங்கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. அதில் துளை நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. பயம் முழுக்கக் கல்லும் கல்லும் சேருகிற இணைப்பில்தான். அத்தனை கல் என்றால் அத்தனை இணைப்பு, நாலு பக்கமும் அலை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையே மோதியது. எதிரணிக் கணக்குப்படி மாவட்டத்தில் முதலில் சிதைய வேண்டிய சிலை இதுதான். ஏன் சிதையவில்லை?

ஏனென்றால் அதற்கு மட்டும் ஒரு முறை வைத்திருக்கிறோம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு. முன்னே பின்னே ஆனாலும் ஆள் போகிறது. கடைசியாக 2022 ஜூனில் தொடங்கி 2023 மார்ச் வரை, சுமார் 1 கோடி ரூபாயில் அந்த வேலை நடந்தது.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், மற்ற எல்லாச் சிலைக்கும் பாடம் அதில்தான் இருக்கிறது. சாரம் கட்டி, முதலில் நல்ல தண்ணீரால் கழுவுவார்கள். பிறகு இணைப்புகளில் தளர்ந்ததைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்த கலவையை அடைப்பார்கள். சிமெண்ட் ஏன் கூடாது? அது கல்லைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கல் விரியும்போது கல்லின் விளிம்பையே பெயர்த்துவிடும். தனக்குள் இருக்கிற உப்பையும் கல்லுக்குக் கொடுக்கும். சுண்ணாம்பு இளகிக் கொடுக்கும்.

அடுத்தது காகிதக்கூழ். காகிதத்தை உப்பில்லாத தண்ணீரில் ஊறவைத்து மாவாக அடித்து, கல்மேல் ஒரு விரல் கனத்துக்கு அப்புவார்கள். கூழிலுள்ள தண்ணீர் கல்லுக்குள் இறங்கி உப்பைக் கரைக்கும். கூழ் வெளிப்பக்கத்திலிருந்து காயக் காய, கரைந்த உப்பு தண்ணீரோடு வெளியே ஏறிக் கூழுக்குள் வந்து தங்கும். காய்ந்ததும் அடையாக உரித்து எடுத்துவிடலாம். உப்பு மிச்சம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உரித்த கூழில் ஒரு துண்டைச் சுத்த நீரில் ஊறவைத்து, அந்த நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்க்கவேண்டும். பால் கலந்ததுபோல் வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி அப்பு. தெளிவாக நின்றால் போதும். அதன்பிறகுதான் சிலிக்கான் பூச்சு. வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள் ஈரம் ஆவியாகப் போவதைத் தடுக்கவும் செய்யாது. பூசின இடத்தில் தண்ணீர் விட்டால் சேம்பிலையில் விட்டதுபோல் உருண்டு ஓடும்.

இந்த வரிசை மாறக்கூடாது. உப்பை எடுக்காமல் அவசரத்தில் பூச்சை அடித்தால், உப்பு பூச்சுக்குப் பின்னால் சிறைப்பட்டு, முகத்தோடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். பராமரிப்பு என்ற பெயரில் சிலைகள் கெடுகிற வழிகளில் இது ஒன்று.

இப்போது கடலைவிட்டு உள்ளே, நாகர்கோவில் பக்கம் வாருங்கள். எந்தச் சந்திப்பு என்று சொல்லவேண்டாம், உங்கள் ஊர்ச் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவருடைய சிமெண்ட் சிலை. உள்ளே 8 மில்லிமீட்டர் கம்பி, அதைச் சுற்றிக் கோழிவலை, மேலே சிமெண்டும் மணலும் கலந்த சாந்து. நல்ல வேலையென்றால் கம்பிக்குமேல் இரண்டு அங்குலச் சாந்து நிற்கவேண்டும். நீட்டிய விரலில் அதற்கு இடம் ஏது? கால் அங்குலம் நின்றால் அதிகம். அதனால்தான் சிமெண்ட் சிலையில் எப்போதும் முதலில் போவது சுட்டுவிரல், பிறகு மூக்குக் கண்ணாடி, பிறகு கைத்தடி. கம்பி துருப்பிடித்தால் பழைய கனத்தைப்போல் இரண்டு மடங்குக்குமேல் வீங்கும், சாந்து வெடிக்கும்.

அது ஒருநாளில் நடப்பதில்லை, நடுவர் அவர்களே. முதலில் முழங்கைக்குக் கீழே, கம்பி போகிற போக்கிலேயே, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. அடுத்த மழையில் அந்தக் கோட்டிலிருந்து வெற்றிலைச் சாறு வழிந்ததுபோல் ஒரு பழுப்புக் கறை. அதற்கடுத்து விரலால் தட்டினால் டொக்கென்று பொள்ளல் ஓசை. அப்புறம்தான் விழும். கோடு தெரிந்த நாளுக்கும் விரல் விழுந்த நாளுக்கும் நடுவே பல மழைக்காலம் இருக்கிறது. அத்தனை மழைக்காலமும் ஒருவரும் ஏணி வைத்து ஏறிப் பார்க்கவில்லை. இதைக் காற்றின் கணக்கில் எழுதச் சொல்கிறார் அண்ணாச்சி.

யாராவது பார்த்தாலும் என்ன செய்கிறோம்? பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி வெடிப்பில் சிமெண்ட் பாலை இழுகி, மேலே தங்கக்கலர் எனாமல் அடிக்கிறோம். வெடிப்பைக் கம்பிக்குப் பின்பக்கம் தெரியும்வரை கொத்தவேண்டும்; கம்பியைக் கம்பிப் பிரஷால் வெள்ளை தெரியத் தேய்க்கவேண்டும்; துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பிடிப்புக்கு ஒரு பூச்சு போட்டு, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பி, ஒரு வாரம் ஈரச்சாக்கு சுற்றிவைக்கவேண்டும். மேலே பூசி மறைத்த துரு உள்ளே வேலையை நிறுத்துவதே இல்லை. எனாமலோ ஈரம் வெளியே போகிற வழியையும் அடைத்துவிடும். வருஷத்துக்கு ஒரு கோட்டிங் என்று 20 வருஷம் அடித்த முகத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். இமை விளிம்பு இல்லை, உதட்டுக்கும் தாடைக்கும் நடுவே குழி இல்லை, நெற்றிச் சுருக்கம் இல்லை. சிற்பி மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செதுக்கியதைப் பெயிண்ட் டப்பா மூடிவிட்டது. கீழே எழுதியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் இன்னார் என்று தெரிந்துகொள்கிறோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வலிப்பது இதுதான்.

வெண்கலத்துக்கு வருகிறேன். தங்கச்சி சொன்னார், “உலோகம் கடலோரத்தில் நிற்கவே நிற்காது” என்று. சென்னைத் தீவுத்திடல் பக்கம் அந்தக்கால கவர்னர் சர் தாமஸ் மன்றோ குதிரைமேல் நிற்கிறார், 1839இலிருந்து. கடற்காற்று வீசுகிற இடம்தான். ராய் சவுத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959இலிருந்து மெரினாவில், கடலுக்கு நேர் எதிரே. நிற்கிறதா இல்லையா? வெண்கலத்தின்மேல் படிகிற கரும்பச்சைப் படிவு அதற்குக் கவசம், அதைக் கெடுக்கக்கூடாது. இளம்பச்சையில் மாவு மாதிரி ஒன்று பூத்து, துடைத்தாலும் மறுபடி பூக்கும். உப்புக் கலந்த நோய் அதுதான். கழுவி, மெல்லிய பிரஷால் மாவை எடுத்து, காயவைத்து, தடுப்பு மருந்து பூசி, மேலே மெழுகு தேய்க்கவேண்டும். வருஷம் ஒருமுறை மெழுகு, அவ்வளவுதான். ஆனால் நாம் குத்துவிளக்கு நினைப்பில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குகிறோம். கவசமும் போய், உலோகமும் கொஞ்சம் போய், அடுத்த மாதமே காற்று வெற்று உலோகத்தைப் பிடிக்கும். பீடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வடிய விட்ட சிறு துளையையும் டைல்ஸ் ஒட்டி அடைத்துவிடுவோம். உள்ளே தேங்கிய தண்ணீரும், தாங்கி நிற்கிற இரும்புச் சட்டமும், வெண்கலமும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரமே கரையும்.

மாலை போடுகிறோம். தோவாளையில் கட்டின நல்ல மாலை. போட்ட நாளோடு மறந்துவிடுகிறோம். அழுகின பூ ஈரம் பிடித்துக் கழுத்தோடு ஒட்டி நிற்கும். கட்டுக்கம்பி துருத்து மார்பில் வளையமாகக் கறை விடும். உடைப்பார்களே என்று இரும்புக் கூண்டு போடுகிறோம். கூண்டின் துரு மழையோடு தோளில் வழிகிறது, மேல்கம்பியில் காக்கை உட்காருகிறது, பூட்டின் சாவி எவரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். உள்ளே போய்க் கழுவ வழியே இல்லை. மழை கழுவுமே என்பீர்கள். கழுவும், தலையையும் தோளையும். தாடைக்கு அடியிலும் அக்குளிலும் வேட்டி மடிப்பிலும் மழை படாது. சிலை எப்போதும் அந்த மறைவிடங்களில்தான் முதலில் கெடுகிறது, உப்பு அங்கேதான் கழுவப்படாமல் சேருகிறது.

சாலை போடுகிறோம். ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் 40 மில்லிமீட்டர் தார் ஏற்றினால், ஐந்து முறையில் எட்டு அங்குலம். பீடம் பள்ளத்தில் இறங்கி, மழைத்தண்ணீர் அதைச் சுற்றித் தேங்கி, செங்கல் பீடம் அந்த ஈரத்தை மேலே இழுக்கிறது. இதிலே காற்று எங்கே வந்தது?

இடம்பெயர்வதையும் சொல்லவேண்டும். சிப்பாய்க் கலகத்தில் கொடூரம் செய்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரி நீலின் சிலையை எடுக்கச் சொல்லி 1927இல் போராட்டம். 1937இல் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. 1968இல் வைத்த கண்ணகி சிலை 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து போய், 2006இல் திரும்பி வந்தது. 2006இல் வைத்த சிவாஜி கணேசன் சிலை 2017இல் நீதிமன்ற உத்தரவால் மணிமண்டபத்துக்குப் போனது. சரியா தவறா என்று இங்கே பேச வரவில்லை. ஒரு சிலை எங்கே நிற்கும், நிற்குமா என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்திருக்கிறோம். பொதுச்சாலையில் புதுச் சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரி 18 அன்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இருப்பதுதான் நம் சொத்து.

“ஒவ்வொரு சிலைக்கும் கோடி ரூபாய்க்கு எங்கே போக?” என்று அண்ணாச்சி மறுபடி கேட்பார், தெரியும். கோடி வேண்டாம். ஒரு ஏணி, நைலான் பிரஷ், காரமில்லாத சோப்பு, இரண்டு கேன் நல்ல தண்ணீர், இரண்டு ஆள், அரை நாள். இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழைக்கு முன்னால் வைகாசியில் ஒருமுறை, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருமுறை. போர்வெல் தண்ணீர் உப்புக்கரிக்கிற ஊரில் அதை மட்டும் தொடக்கூடாது. கழுவும்போதே கோடு விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துவைக்கவேண்டும். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எந்தப் பொருளால் செய்தது, யார் செய்தது, எந்த வருஷம், சாவி யாரிடம். இந்த நான்கையும் எழுதமுடியாத சிலைகள்தான் இங்கே அதிகம்.

தங்கச்சியின் கடைசிக் கேள்வி இன்னும் பாக்கி. “எவ்வளவு பார்த்தாலும் சிமெண்ட் சிலைக்கு ஆயுசு குறைவுதானே, பிறகு எதுக்கு?” நியாயமான கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. பெயிண்ட் அடுக்கைக் கரைப்பான் போட்டு மெதுவாக எடுத்து, அடியிலிருக்கிற பழைய முகம் தெரிந்ததும் ரப்பர் அச்சு எடுத்துவைத்துவிட்டால், நாளைக்கு அதே முகத்தை வெண்கலத்தில் வார்க்கலாம், கல்லிலும் கொத்தலாம். கல்லில் கொத்த வெளியூர் போகவேண்டாம். கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மயிலாடி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. உளியால் தட்டினால் மணிபோல் ஒலிக்கிற கல் எது, ஒலி மங்கி விரிசலைக் காட்டிக்கொடுக்கிற கல் எது என்று காதாலேயே பிரிக்கிற கைகள் அங்கே இருக்கின்றன. ஆனால் அச்சு எடுக்க முகம் மிஞ்சியிருக்கவேண்டும். அந்த மூக்கும் அந்த இமையும் இந்த மழைக்கு முன்னால் இருக்கிறதா என்று ஏணி போட்டு ஏறிப் பார்க்க நம் ஆள் யார் போகிறார் என்பதை நடுவர் அவர்கள் தீர்ப்பிலேயே கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.