ஏற்றமா, வற்றமா?

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பல்கலைக்கழகம் 1929-இல் சிதம்பரத்தில் தொடங்கியது. கடல் படிப்பை மட்டும் கடலோரத்துக்கே கொண்டுபோய் வைத்தார்கள். காலையில் வகுப்பில் கேட்டதை மாலையில் ஆற்றில் இறங்கிப் பார்த்துவிடலாம்.

நான் அங்கே முதன்முதலாகத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனபோது, படகுக்காரர் கேட்டார்: "தம்பி, இப்ப ஏத்தமா, வத்தமா?" எனக்குத் தெரியவில்லை. நோட்டில் தேதியும் நேரமும் குறித்திருந்தேன், அவ்வளவுதான். கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. முகத்துவாரத்திலோ ஏற்றத்தில் கடல் உள்ளே வரும், வற்றத்தில் ஆற்றுநீர் இறங்கும். ஒரே இடத்தில், ஒரே நாளில் உப்பு மாறிக்கொண்டே இருக்கும். "மேல் தண்ணி மட்டும் போதாது, அடியிலயும் அள்ளுங்க" என்றார். நல்ல தண்ணீர் இலேசு, மேலே நிற்கும். உப்புநீர் கனம், அடியில் கிடக்கும். புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் கை அதைச் செய்தது.

ஆய்வகத்தில் இருந்த அட்டெண்டர் அண்ணன் இன்னொன்று கற்றுக்கொடுத்தார். பிடித்த மீனைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவப் பாட்டிலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை கரைந்துவிடும். சீட்டு அழிந்தால் உள்ளே இருப்பது எந்த ஊர் மீன், எந்த மாதத்து மீன் என்று யாருக்கும் தெரியாது.

சரி, இது ஏன் முக்கியம்? 2004 சுனாமிக்குப் பிறகு, அந்த மையத்தைச் சேர்ந்த கதிரேசன், ராஜேந்திரனோடு சேர்ந்து, பிச்சாவரம் பகுதியின் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்தார். அலையாத்திக் காடு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று 2005-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தகவல்களை வைத்து மறுபடி கணக்கிட்டு, ஊரின் உயரமும் கடலிலிருந்து இருக்கும் தூரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று மறுத்தார்கள். இரண்டையும் மாணவர்களைப் படிக்கச் சொல்கிறேன். உயரமும் தூரமும் முதலிலேயே பதிவாகியிருந்ததால்தான் அந்த விவாதம் நடக்க முடிந்தது. எண்ணோடு கூட எதைக் குறித்து வைக்கிறோம் என்பதுதான் படகுக்காரர் கேட்ட கேள்வியும்.

இன்று பல இடங்களில் அந்தப் படகுக்காரர், அட்டெண்டர் போன்ற ஊழியர்கள் ஓய்வு பெற்றதும் அந்தப் பணியிடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. புதிதாக வரும் ஆய்வு மாணவர், வாடகைப் படகில், தெரியாத ஆற்றில், தனியாக வலை வீசுகிறார். அவர் தவறு செய்தால் சொல்ல ஆளில்லை. பேராசிரியர் பணியிடத்துக்குக் கேட்கும் அதே குரலில் இந்தப் பணியிடங்களையும் நாம் கேட்க வேண்டும்.

என் மாணவர்களின் களநோட்டில் இப்போது இரண்டு பத்திகள் கூடுதலாக இருக்கின்றன. ஒன்றில் ஏற்றமா வற்றமா என்று எழுதுவார்கள், மற்றதில் படகு ஓட்டியவர் பெயர். நன்றி, வணக்கம்.