ஒரு ஃபிரேமுக்கு 35 அசைவு

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பழைய மாயாஜால சாகசப் படங்களின் ராட்சதர்களை நாம் இன்றும் தேடிப் பார்ப்பது கைவண்ணத்துக்காகவா, பழைய பாசத்துக்காகவா? இதுதான் தலைப்பு. கைவண்ணத்துக்காகவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "அந்த எலும்புக்கூட்டுச் சண்டையைப் போன வாரம் போட்டுப் பார்த்தேன். கரண்டு அடிச்ச காக்கா மாதிரி வெட்டி வெட்டி இழுக்குது. இதுக்கா இவ்வளவு பெருமை?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டின கை இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி தேவைப்படும், தயாராக இருங்கள்.

தம்பி சொன்ன சண்டை 1963-ல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்' படத்தில் வருகிறது. கிரேக்கப் புராணம். கொல்கிஸ் நாட்டு ராஜா, ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பின் பற்களைத் தரையில் விதைக்கிறான். மண் பிளக்கிறது. ஆயுதமும் கேடயமுமாக ஏழு எலும்புக்கூடுகள் எழுந்து நிற்கின்றன. எதிரே ஜேசனும் இரண்டு தோழர்களும்.

இதை எப்படி எடுத்தார்கள்? முதலில் மூன்று நடிகர்களும் சண்டைக் கலைஞர்களோடு ஒத்திகை பார்த்தார்கள். எந்த வெட்டு எங்கே விழும், யார் எப்போது குனிவது, எல்லாம் மனப்பாடம். அப்புறம் சண்டைக் கலைஞர்களை விலக்கிவிட்டு, நடிகர்களை மட்டும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நடிகன் காற்றை வெட்டுகிறான். காற்று அடிக்கும் அடியைக் கேடயத்தில் தாங்குகிறான். இல்லாத வாள் மேல் தன் வாள் பட்ட இடத்தில் கை டக்கென்று நிற்க வேண்டும். வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள், தெரியும்.

அது சுலபமான பாதி. மீதிப் பாதி ரே ஹாரிஹவுசன் என்ற ஒரே மனிதரின் மேஜை மேல் நடந்தது. பின்னால் சின்னத் திரையில் நடிகர்களின் காட்சி, ஒரே ஒரு ஃபிரேமில் உறைந்து நிற்கும். முன்னால் சாண் அளவு பொம்மைகள் ஏழு. அதில் ஒன்று 1958-ல் வந்த சிந்துபாத் படத்திலேயே வாள் சுழற்றிய எலும்புக்கூடு, சீனியர் ஆர்ட்டிஸ்ட்! ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு கை, இரண்டு கால். ஏழைந்து முப்பத்தைந்து. ஒவ்வொன்றையும் மயிரிழை நகர்த்தி, நடிகனின் வாள் இருக்கிற இடத்துக்குப் பொம்மையின் வாளைக் கொண்டுபோய் வைத்து, ஒரு கிளிக். மறுபடி 35 அசைவு. ஒரு கிளிக். ஒரு வினாடிப் படத்துக்கு இப்படி 24 கிளிக். நாலாவது ஆளின் இடது கை முன்னே போய்க்கொண்டிருந்ததா, பின்னே வந்துகொண்டிருந்ததா? எல்லாக் கணக்கும் அவர் மனசுக்குள். எங்கேயாவது தப்பினாலும் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். சில நாள் முழுக்க நின்றும் தேறியது 13 ஃபிரேம். அரை வினாடிதான் ஐயா! நான் "வணக்கம்" சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஒரு நாள் உழைப்பு ஓடி முடிந்துவிடும். சில நிமிடச் சண்டைக்கு நாலரை மாதம்.

இப்போது தட்டுங்கள்!

தம்பியின் காக்காவை நான் இன்னும் விடவில்லை. அந்த வெட்டி வெட்டி இழுக்கிற அசைவு எங்கிருந்து வருகிறது? நான் கையை வேகமாக வீசினால் கேமராவில் அது லேசாகக் கலங்கித்தான் பதியும். பொம்மையோ படம் எடுக்கிற நொடியில் அசையாமல் நிற்கிறது. அதனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் துல்லியமாக விழுகிறது. அந்தத் துல்லியத்தைத்தான் தம்பி இழுப்பு என்கிறார். இதில் வருகிற கனவுத் தன்மைதான் ஹாரிஹவுசனுக்குப் பிடித்திருந்தது. செத்தவன் மண்ணைப் பிளந்து எழுந்து வந்து, உயிரோடு இருக்கிற நம்மைப் போலவே சீராக நடந்தால் அதில் என்ன பயம்?

அதே படத்தில் டாலோஸ் என்ற வெண்கலச் சிலை. தலையை மெதுவாகத் திருப்பும்போது உலோகம் கிரீச்சிடும். அந்த விறைப்பு வேண்டுமென்றே வைத்தது. கடைசியில் ஜேசன் அதன் குதிகாலில் இருக்கும் மூடியைத் திருகித் திறக்கிறான். உள்ளே இருந்த உயிர்த் திரவம் கொட்டுகிறது. அந்தச் சிலை மூச்சுத் திணறித் தொண்டையைப் பிடிக்கும். வில்லனுக்காக மனசு கஷ்டப்படும் ஐயா, வெண்கலத்துக்காக!

கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்றார் இன்னொருவர். 1993-ல் 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களைக் கம்ப்யூட்டரில் செய்தபோதும், பில் டிப்பெட் என்ற ஸ்டாப் மோஷன்காரரை, அதாவது இப்படி ஃபிரேம் ஃபிரேமாகப் பொம்மையை நகர்த்திப் படமெடுக்கிறவரைத்தான் கூட வைத்துக்கொண்டார்கள். சென்சார் பொருத்திய டைனோசர் எலும்புச் சட்டத்தை பொம்மைக்காரர்கள் கையால் அசைக்க, அதைக் கம்ப்யூட்டர் பதிந்துகொண்டது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. 1933-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'கிங் காங்' பார்த்துவிட்டு வந்த பள்ளிக்கூடப் பையன் இந்த ஹாரிஹவுசன். அம்மாவின் பழைய ஃபர் கோட்டை வெட்டித்தான் ஒரு கரடி செய்தான். எந்த வீட்டிலாவது விடுவார்களா? அந்த வீட்டில் விட்டார்கள். அப்பா ஃபிரெட், இயந்திர வேலை தெரிந்தவர். பிள்ளை பெரியவனாகி லண்டனுக்குக் குடிபோன பிறகும், அவன் வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்து, பொம்மைக்குள் வைக்கிற எஃகு மூட்டுகளை அந்த அப்பாதான் கடைந்து அனுப்பினார். 1973-ல் சாகும் வரைக்கும் செய்தார். நாம் பயந்து பார்க்கிற ராட்சதனின் தோளும் முழங்காலும் மடங்குவது ஒரு தகப்பன் கடைந்த மூட்டில். இதைப் பாசம் என்று எதிரணி சொன்னால் நான் மறுக்க மாட்டேன், சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எலும்பு அப்பா செய்தது, ஆட்டிவைத்தது மகன்" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள். தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.