வைகையில் துடுப்புப் போடுகிறவர்கள்

[காட்சி: விடியற்காலை. வைகை அணை. தூரத்தில் ஒரே ஒரு பரிசல்.]

மதுரைக்காரர்களுக்கு வைகையைக் கடப்பது என்றால் பாலம்தான். ஏ.வி. பாலம், யானைக்கல் பாலம் என்று பழகிவிட்டோம். ஆனால் சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும் இடத்தைப் பாருங்கள். வைகைத் துறையில் குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் வைத்த அம்பிகள், அதாவது படகுகள், ஓடுகின்றன. இவர்கள் அதில் ஏறவில்லை. கூட வந்த சமணத் துறவி கவுந்தியடிகளோடு சாதாரண மரப்புணையில், அதாவது மர மிதவையில், ஏறித் தென்கரை சேர்கிறார்கள். அந்தப் புணையைச் செலுத்தியவர் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

[காட்சி: தெப்பக்குளம், மைய மண்டபம்.]

நம் தெப்பத் திருவிழாவில் துடுப்புக்கு வேலை இல்லை. வடம் பிடித்துத்தான் தெப்பத்தை இழுக்கிறார்கள். வைகைத் தண்ணீரில் துடுப்புப் போடுகிறவர்களைப் பார்க்க, மேற்கே ஆண்டிபட்டிப் பக்கம் போக வேண்டும். 1959-இல் திறந்த வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அங்கே மீன் பிடிக்கிறவர்களின் வாகனம் பரிசல்.

[காட்சி: பரிசலின் உட்புறம், மூங்கில் பின்னல்.]

மூங்கிலைப் பிளந்து, கூடை மாதிரி வட்டமாகப் பின்னுவார்கள். அந்தக் காலத்தில் அடியில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். அப்புறம் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. இப்போது ஃபைபர் பரிசலும் உண்டு.

வட்டமாக இருப்பதால் இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குனிந்து வலையை இழுக்கலாம். அடி தட்டையாக இருப்பதால் கரையோரம் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். ஆனால் பழகாதவர் துடுப்பைப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும், ஒரு முழம்கூட நகராது.

[காட்சி: துடுப்பு, அண்மையில்.]

பரிசல்காரரின் கையைக் கவனியுங்கள். போகிற பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, துடுப்பை முன்னால் குத்தி, தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார். ஒரு இழுப்பு இடது ஓரம், அடுத்தது வலது ஓரம். பரிசல் திரும்பப் பார்க்கும்போதே மறு இழுப்பு அதை நேராக்கிவிடுகிறது. ஓடுகிற ஆற்றில் என்றால் இன்னொரு கணக்கும் வேண்டும். நீரோட்டம் கீழே தள்ளிக்கொண்டு போகும் என்பதால், சேர வேண்டிய இடத்துக்கு மேலே தள்ளிப்போய்த்தான் பரிசலை இறக்குவார்கள்.

[காட்சி: கரை. வெயில் ஏறிவிட்டது.]

மாலையில் விரித்த வலையை விடிகாலையில் எடுத்தாயிற்று. கட்லா மீனும் ஜிலேபி மீனும் கூடையில். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தோம். அவர் பரிசலைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளேயிருந்து அண்ணாந்து பார்க்கிறார். பின்னலுக்கு நடுவே ஓரிடத்தில் வெளிச்சம் ஊசி மாதிரி தெரிகிறது. அங்கே விரலை வைத்துக்கொண்டு, தார் டப்பாவைக் கேட்கிறார்.