வெள்ளைக் குதிரை விடுதியும் பரண்மேல் நோட்டுகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, திரையிட மண்டபம் தந்த நூலகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் இசையாசிரியர் ஐயா அவர்களே, போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் சுண்டல் உபயம் செய்த பொருளாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சற்றுமுன் நாம் பார்த்த 'இம் வைஸன் ரோஸ்ல்', அதாவது 'வெள்ளைக் குதிரை விடுதியில்', 1960-இல் வெர்னர் யாக்கோப்ஸ் இயக்கிய படம். மூன்று விஷயம் பேச வந்தேன்: அதில் நடித்த பீட்டர் அலெக்சாந்தரின் குரல், குந்தர் ஃபிலிப்பின் நகைச்சுவை, அப்புறம் இசை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். கதை நடக்கும் ஆஸ்திரியாவின் வோல்ஃப்காங் ஏரி வட்டாரமே உப்புச் சுரங்கத்துக்குப் பேர் போனது!

கதை தெரிந்ததுதான். விடுதி முதலாளியம்மா யோசெஃபாமேல் தலைமைச் சர்வர் லியோபோல்டுக்குக் காதல். அந்த அம்மாவுக்கோ பெர்லின் வக்கீல்மேல் கண். படத்துக்கு மூலமான ஆப்பரெட்டாவில், அதாவது பாட்டும் வசனமும் கலந்த இசை நாடகத்தில், வக்கீலுக்கென்று ஒதுக்கிய பால்கனி அறையைச் சர்வர் வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். யாருக்கு? அதே வக்கீல் வழக்காடிக்கொண்டிருக்கிற எதிர்க்கட்சிக்காரருக்கு! பொறாமை வந்தால் சர்வர்கூட சாணக்கியன். (சிரிப்பு.) வேலை போகிறது. ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் வந்து இறங்க, மறுபடி கூப்பிடுகிறார்கள். கடைசியில் அந்த அம்மா எழுதித் தரும் சான்றிதழ்: சர்வர் வேலையிலிருந்து நீக்கம், ஆயுளுக்கும் கணவனாக நியமனம். (பலத்த கைதட்டல்.)

இசையமைப்பாளர் ரால்ஃப் பெனாட்ஸ்கியின் இந்த ஆப்பரெட்டா 1930-இல் பெர்லினில் அரங்கேறியபோது அதில் ஜாஸும் சாக்ஸபோனும் துள்ளின. மேடையேற்றிய எரிக் ஷாரெல், பாட்டெழுதிய ராபர்ட் கில்பர்ட் இருவரும் யூதர்கள். நாஜிகள் தடை போட்டார்கள். போருக்குப் பிறகு ஊரெங்கும் ஒலித்தது ஜாஸைக் குறைத்து மென்மையாக்கிய இசை. உப்பில்லாப் பண்டம்! அசல் வாத்தியக் குறிப்புகள் குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் கிடைத்தன. அதைக் கொண்டு 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பழைய இசையோடு மேடையேற்றினார்கள். எழுபத்தொன்பது வருஷம் கழித்து! யாரோ ஒருவர் அந்தத் தாள்களை எடைக்குப் போடாமல் விட்டிருக்கிறார்.

நான் மேடைதோறும் கத்துவது இதைத்தான். உங்கள் தாத்தா நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவரா? பரணில் ஸ்வரம் எழுதிய நோட்டு கிடக்கிறதா? கரையான் அரித்திருந்தாலும் சரி, கொண்டு வாருங்கள்.

தலைவர் மணியடித்துவிட்டார். குரலையும் நகைச்சுவையையும் இன்னொரு நாள் பார்ப்போம். நோட்டுகளை வாசலருகே மேஜையில் உள்ள செயலாளரிடம் கொடுங்கள். பெயர் எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பக்கங்களைப் புகைப்படம் எடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தில் திருப்பித் தருவோம்.