கருமணலும் கப்பமும்

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

காலனி ஆட்சி விட்டுப்போன பொருளாதார விளைவுகள், சண்டைகள் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் வங்கப் பஞ்சத்தில் தொடங்கி மான்செஸ்டர் துணிக்குப் போவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் குமரிக் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சியிலிருந்தே தொடங்கலாம்.

கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊறப்போட்டு, அடித்து, தும்பெடுத்துக் கயிறு திரிப்பது நம் பக்கத்தில் பழைய தொழில். திருவிதாங்கூர்க் கயிறு கப்பலேறி ஜெர்மனி வரை போனது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், கயிற்றோடு ஒட்டிப்போன மணலைச் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருந்தது, மோனசைட்டுக்குள் தோரியம் என்ற கதிரியக்க உலோகம்.

தோரியம் அன்றைக்கு எதற்கு? அணுசக்தியை அப்போது யாரும் யோசிக்கவில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே, மேன்டில், அதற்குத்தான். புது மேன்டிலைக் கட்டித் தீ வைத்தால் நூல் எரிந்துபோகும், வெள்ளை வலை மட்டும் நிற்கும், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அந்த வலை பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு. ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகள் எல்லாம் அதை வைத்துத்தான் வெளிச்சம் கொடுத்தன. அதுவரை பிரேசில் மணலை நம்பியிருந்த உலகம் நம் கடப்புறத்தைத் திரும்பிப் பார்த்தது. மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. 1914-ல் போர் வந்ததும் ஜெர்மானியர் பிடி போய் பிரிட்டிஷ் கம்பெனிகள் கை ஓங்கியது. நம்மவர்களுக்கு மணல் அள்ளிய கூலி கிடைத்தது. மேன்டில் எங்கே செய்வது, மணலுக்கு என்ன விலை வைப்பது என்பதெல்லாம் கடலுக்கு அப்பால் முடிவானது.

நான் சொல்ல வந்தது இதுதான். காலனி ஆட்சி எவ்வளவு அள்ளிக்கொண்டு போனது என்ற கணக்கை வரலாற்று ஆசிரியர்கள் போடட்டும். ஆனால் நம் பொருளைப் பற்றிய முடிவு வேறெங்கோ எடுக்கப்படுவது அப்போது பழக்கமாகிவிட்டது. கொடி இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் இறங்கவில்லை.

‘நாம் எங்கே அடிமைப்பட்டோம்? நமக்குத் திருவிதாங்கூர் ராஜா இருந்தாரே’ என்று சிலர் கேட்பார்கள். ராஜா இருந்தார், சரி. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த அரசுதான் இது. ஆனால் 1805 உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டிய நிலைக்கு அதே அரசு வந்தது. எதற்கு? கம்பெனிப் படை நம்மைப் பாதுகாப்பதற்காம்! நம்மை யாரிடமிருந்து பாதுகாப்பது என்று மட்டும் கேட்கக் கூடாது. கப்பம் பாக்கி விழுந்தது, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே நெருக்கினார், ராஜாவின் திவானாக இருந்த தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய் 1809-ல் குண்டறையில் அறைகூவல் விடுத்தார், கடைசியில் மண்ணடியில் உயிரை விட்டார். ஏட்டில் கப்பம் கட்டியது அரசர். அதன் பாரம் இறங்கியது பாட்டம், அதாவது குத்தகை, அளந்தவன் மேல், கூலியில்லாமல் ஊழியம் செய்தவன் மேல். அய்யாவழியைத் தொடங்கிய சாமித்தோப்பு வைகுண்டரின் மரபு வெண்நீசனையும் கலிநீசனையும், அதாவது வெள்ளையனையும் நம் ராஜாவையும், சேர்த்தே வைத்து ஏசியது சும்மா இல்லை.

பொருளாதார அறிஞர் லட்சுமி ஐயர் இந்தியாவில் நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மாவட்டங்களையும் சமஸ்தானமாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார். எடுத்த எடுப்பில் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும், ஏனென்றால் நல்ல விளைச்சல் நிலத்தைத்தான் கம்பெனி முதலில் பிடித்திருக்கும். அதனால் டல்ஹவுசி காலத்தில் வாரிசு இல்லாமல் அரசன் இறந்ததால் கைப்பற்றப்பட்ட நாடுகளை எடுத்துக்கொண்டார். சாவு தற்செயல்தானே. நேரடியாக ஆளப்பட்ட இடங்களில் பள்ளி, சுகாதார நிலையம், சாலை ஆகியவை பிற்காலத்திலும் குறைவாகவே இருந்தன என்பது அவருக்குக் கிடைத்த விடை. இதைக் கேட்டதும் ராஜா காலம் பொற்காலம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஷிவாஜி முகர்ஜி என்ற ஆய்வாளர் மாவோயிஸ்ட் மோதல் ஏன் பஸ்தரிலும் தெலங்கானாவிலும் வேரூன்றியது என்று பார்த்து, சமஸ்தான ஆட்சி விட்டுப்போன பலவீனங்களைக் காரணமாகக் காட்டுகிறார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த இரண்டும் கலந்தே கிடக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதற்குப் பின்னால் 1806-ல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிவைத்த மிஷன் பணி இருக்கிறது, கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற ராணி பார்வதிபாயின் 1817 ஆணையும் இருக்கிறது. அதே நாட்டில்தான் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை அடிபட்டார்கள். படிப்பும் கலவரமும் ஒரே தெருவில் நடந்தன.

மறுபடி மணலுக்கு வருகிறேன். 1947-ல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தபோது அவர் கையில் இருந்த துருப்புச் சீட்டுகளில் ஒன்று இந்தத் தோரியம். அதற்குள் அணுகுண்டு வெடித்து, மேன்டில் சரக்கு உலக அரசியல் சரக்காகிவிட்டது. 1950-ல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. நம் அரசுகள்தான், வெள்ளைக்காரக் கம்பெனி இல்லை. இருந்தாலும் மணலைப் பிரிப்பது இங்கே, மோனசைட்டிலிருந்து அரிய தனிமங்களை எடுக்கும் வேலை ஆலுவாயிலும் ஒடிசாவிலும். ரப்பர் கதையும் ஏறக்குறைய இதுதான். பால் வெட்டுவது கீரிப்பாறையில், விலை தெரிய வேண்டுமானால் கோட்டயத்தைப் பார்க்க வேண்டும்.

‘வெள்ளைக்காரன் போய் எழுபது எண்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அவனையே சொல்லலாமா?’ என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. நெய்யாறு தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்காக 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அணை கேரளத்தில், இடதுகரைக் கால்வாயின் கடைமடை விளவங்கோட்டில். 2004-க்குப் பிறகு தண்ணீர் நின்றது, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தப் பழியை வெள்ளைக்காரன் மேல் போட முடியாது, நான் போடவும் மாட்டேன். அது இரண்டு மாநில அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியது.

மணல் அப்படியில்லை. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்க அதே இந்தியன் ரேர் எர்த்ஸ் திட்டம் வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் வைத்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதலான கடற்கரை நம்முடையது, ஆகவே கடப்புறத்து மக்கள் முதலில் நோயைப் பற்றிக் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். அடுத்த கூட்டம் எப்போது வைத்தாலும் அவர்களோடு நாமும் போய் உட்கார்ந்து இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். பிரித்தெடுக்கும் அடுத்த கட்ட ஆலை ஏன் இங்கே வராது? லாபத்தில் ஊராட்சிக்கு எவ்வளவு? எடுத்த இடத்தில் மண் நிரப்பியதை யார் வந்து பார்ப்பார்கள்? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.