டிஹுவானா ஆறும் பராமரிப்புக் காசும்

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் வாழும் இந்த சான் டியாகோ கவுன்ட்டியின் தென்கோடியில், இம்பீரியல் பீச்சில், டிஹுவானா ஆற்றில் வரும் கழிவு நீரால் 2021 டிசம்பரில் மூடிய கடற்கரை மூன்று வருடத்துக்கும் மேலாக மூடியே கிடந்தது. வடக்கே குடியிருக்கும் நம்மில் பலருக்கு அது செய்தியில் படிக்கும் விஷயம். அங்கே இருப்பவர்களுக்கு இரவில் ஜன்னலைச் சாத்த வைக்கும் நாற்றம். 2024 செப்டம்பரில் நெஸ்டர் பகுதியில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றை அளந்தார்கள். ஆற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு இரவு நேரங்களில் தாறுமாறாக ஏறியிருந்தது. கடலுக்குப் போகாதவரையும், கால்கூட நனைக்காதவரையும் இந்த ஆறு தேடிவந்து தொடுகிறது. அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் தலைவலியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அது நம் ஊர்ப் பிரச்சினைதான்.

நாற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். அதைப் போக்க ஒதுக்கிய பணம் எங்கெங்கே நின்றது என்று இன்று கொஞ்சம் பேசுகிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பு. டிஹுவானா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மெக்சிகோவில் இருக்கிறது. ஆறு டிஹுவானா நகருக்குள் கான்கிரீட் கால்வாயாக ஓடி, எல்லையைத் தாண்டி, நம் பக்கச் சதுப்பு நிலம் வழியாகப் பசிபிக்கில் விழுகிறது. மேடு அங்கே, பள்ளம் இங்கே. 2020 கணக்கெடுப்பின்போது டிஹுவானாவில் 19 லட்சம் பேர். எல்லையோரத் தொழிற்சாலைகளில் வேலை தேடி வந்தவர்கள் குன்றுகளில் வீடு கட்டிக்கொண்டார்கள். பாதாளச் சாக்கடை அந்த வேகத்துக்கு வளரவில்லை. மழை இல்லாத நாட்களில் ஆற்றில் வரும் அழுக்கு நீரை எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு பம்ப் நிலையம் இழுத்துத் திருப்பிவிட வேண்டும். பெருமழையில் அந்தப் பம்புகளை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் வெள்ளத்தைத் தாங்கும்படி அவற்றை அமைக்கவில்லை. ஆக, மழைக்காலத்தில் கழிவு வருவது அந்த ஏற்பாட்டின் எல்லை. வெயில் காலத்தில் வந்தால், எங்கோ ஒரு பம்போ குழாயோ பழுதாகிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு நாடுகளுக்கும் 1944இல் ஒரு தண்ணீர் ஒப்பந்தம் ஆனது. எல்லையோரச் சுகாதாரப் பிரச்சினைகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதைக் கவனிக்க ஒரு சர்வதேச எல்லை, நீர் ஆணையம் இருக்கிறது. 1990இல் அந்த ஆணையத்தின் வழியாகச் செய்த உடன்பாட்டின்படி, சான் இசிட்ரோவில், எல்லை வேலிக்குப் பக்கத்திலேயே, டிஹுவானாவின் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் சவுத் பே நிலையத்தை அமெரிக்கா கட்டியது. 1997இல் ஓடத் தொடங்கியது. கொள்ளளவு ஒரு நாளைக்கு 2.5 கோடி கேலன், நம் கணக்கில் சுமார் 9.5 கோடி லிட்டர். இதே வேலையை மெக்சிகோ தன் மண்ணில் செய்திருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அதை மெக்சிகோ தரவேண்டும், மிச்சம் அமெரிக்காவின் பொறுப்பு என்று பங்கு பிரித்தார்கள். என் கணிப்பில் அது நியாயமான பிரிவினை. கோளாறு அதற்குப் பின்னால் நடந்ததில் இருக்கிறது.

2020இல் புதிய வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டத்தோடு சேர்த்து, இந்த ஆற்றுக்காக 30 கோடி டாலரை நாடாளுமன்றம் ஒதுக்கியது. பெரிய தொகை. ஆனால் பணம் போனது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு. நிலையத்தின் சொந்தக்காரரோ வெளியுறவுத் துறையின் பட்ஜெட்டில் வரும் எல்லை ஆணையம். ஒரு துறையின் பணத்தை மற்றொன்றுக்கு மாற்றச் சட்டத்தில் இடமில்லை. அந்த அனுமதியைத் தனியாகச் சட்டமாக்க 2022 டிசம்பர் வரை ஆயிற்று. பணம் இருந்தது, தேவை இருந்தது, திட்டமும் இருந்தது. நடுவில் ஒரு வாக்கியம் இல்லாமல் அத்தனையும் காத்திருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. இப்படிப்பட்ட தாமதத்துக்குக் கோபப்பட ஒரு முகம்கூட நமக்குக் கிடைப்பதில்லை, அதனால்தான் அது இத்தனை நாள் நீடிக்கிறது.

அப்புறம் 2023. நிலையத்தை இரண்டு மடங்காக, 5 கோடி கேலனாக விரிவாக்கத் தயாராகும்போது, ஏற்கெனவே இருக்கும் நிலையமே ஓட முடியாத நிலையில் இருப்பது வெளியே வந்தது. பல வருடங்களாகத் தள்ளிப்போட்ட பராமரிப்பு. பழுதுபார்க்க மட்டும் 15 கோடி டாலர் வேண்டும் என்றார்கள். அதாவது புதிதாகக் கட்ட வந்த பணத்தில் பாதியளவு. அந்த ஆகஸ்டில் ஹிலரி புயல் வந்து, மிச்சமிருந்த இயந்திரங்களையும் பாதித்தது. விரிவாக்கத்தின் மதிப்பீடு 60 கோடி டாலரைத் தொட்டது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் மேலும் 25 கோடி ஒதுக்கிய பிறகுதான் கணக்கு ஓரளவு ஈடானது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு நிலையத்தைக் கட்டும்போது அடிக்கல் நாட்டுவார்கள், படம் எடுப்பார்கள், தலைவர்கள் வருவார்கள். பம்புக்கு பேரிங் மாற்றவும், வண்டலை வாரவும், இரவுப் பணிக்கு இன்னும் இரண்டு ஆபரேட்டர்களைப் போடவும் ஆண்டுதோறும் வேண்டிய பணத்துக்கு விழா கிடையாது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழும். அப்படி வருடாவருடம் மிச்சம் பிடித்தது சிறுதொகை, அதற்கு ஈடாக 2023இல் வந்த பில் 15 கோடி. இது அமெரிக்காவுக்கு மட்டும் உள்ள நோயும் அல்ல. எல்லைக்குத் தெற்கே, புன்டா பன்டேராவில் இருந்த மெக்சிகோவின் சுத்திகரிப்பு நிலையமும் இதே மாதிரிச் சீரழிந்து, ஏறக்குறைய சுத்திகரிக்காத கழிவே கடலில் கலந்து, நீரோட்டத்தில் நம் கரைக்கு ஏறி வந்தது. 2024 தொடக்கத்தில் மெக்சிகோ ராணுவம் புதிதாகக் கட்டத் தொடங்கி, 2025இல் அது ஓட ஆரம்பித்தது.

உங்களில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருப்பீர்கள். தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையருகே நுரை மலையாகப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பெங்களூருவின் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் அழுக்கு, மாநில எல்லையைத் தாண்டி வருகிறது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏரிகளுக்காக 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கும்படி கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. உத்தரவு எந்த அளவு பலன் தந்தது என்பது வேறு விவாதம். ஆனால் வேறெதற்கும் எடுக்க முடியாத தனிக் கணக்கு என்ற அந்த எண்ணம் சரியானது. இங்கேயும் அதுதான் வேண்டும்.

ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: நம் வரிப்பணத்தை ஏன் மெக்சிகோவில் செலவழிக்க வேண்டும்? கோபத்தில் கேட்பவர்களுக்கு அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் என் பதில், செலவழிக்க வேண்டும் என்பதுதான். டிஹுவானாவின் குன்றுக்குள் உடைந்த குழாயை அங்கேயே மாற்றினால் ஒரு தடவை செலவு. மாற்றாவிட்டால், குப்பையும் மண்ணும் ரசாயனமும் கலந்து நம் சதுப்பு நிலத்துக்கு வந்தபின் எந்தப் பணத்தாலும் முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது. 2022இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட திட்டத்தில் மொத்தம் 47.4 கோடி டாலர். அதில் அமெரிக்கா 33 கோடி, மெக்சிகோ 14.4 கோடி. பள்ளத்தில் இருப்பவர் அதிகம் கொடுக்கிறார் என்பது நியாயமாகத் தோன்றாது. ஆனால் பாதிப்பைச் சுமப்பவரும் அவர்தானே. மெக்சிகோவின் பங்கைக் கேட்டு வாங்கலாம், வாங்கவும் வேண்டும். அதற்காக நம் பங்கை நிறுத்தி வைத்தால் தண்டனை அனுபவிப்பது இம்பீரியல் பீச்.

2025 ஜூலை 24 அன்று மெக்சிகோ சிட்டியில் இரு நாட்டுச் சுற்றுச்சூழல் பொறுப்பாளர்கள், லீ ஸெல்டினும் அலிசியா பார்சேனாவும், புதிய உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். மெக்சிகோ 9.3 கோடி டாலர் பணிகளை முடிக்க வேண்டும், 2027 டிசம்பருக்குள் எல்லாம் ஆகவேண்டும் என்று காலக்கெடு வைத்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் சவுத் பே நிலையத்தின் கொள்ளளவு 3.5 கோடி கேலனாக உயர்ந்தது. நல்ல செய்தி, மனதார வரவேற்கிறேன். அந்த உடன்பாட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு பகுதி: டிஹுவானாவின் மக்கள்தொகை வளர்ச்சியையும், இயக்கும் செலவு, பராமரிப்புச் செலவையும் அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்றது. முப்பது வருடமாக விட்டுப்போனது அதுதான். இதோடு, 2024இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய நான்காம் முன்மொழிவு என்ற கடன்பத்திரத் திட்டத்தில் டிஹுவானா ஆற்றுக்கும், எல்லை தாண்டி வரும் இன்னொரு ஆறான நியூ ரிவருக்கும் சேர்த்து 5 கோடி டாலர் இருக்கிறது. அதையும் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எல்லை ஆணையம் சான் டியாகோவில் குடிமக்களுக்கான பொதுக் கூட்டங்கள் நடத்துகிறது. அங்கே போங்கள். எத்தனை கேலன் விரிவாக்கம் என்று கேட்காதீர்கள், அதை அவர்களே சொல்லுவார்கள். அடுத்த ஆண்டு இந்த நிலையத்தை ஓட்ட எவ்வளவு கேட்டிருக்கிறீர்கள், எவ்வளவு கிடைத்தது? பம்புகளுக்கு உதிரி பாகம் கையிருப்பில் இருக்கிறதா? டிஹுவானா பக்கத்துப் பராமரிப்புப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, அதை வேறெதற்காவது எடுக்க முடியுமா? இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் அதையே மறுபடி கேளுங்கள். விசாவில் இருக்கிறோமே, நாம் பேசலாமா என்று சிலர் தயங்குவது எனக்குத் தெரியும். அது பொதுக் கூட்டம், குடியுரிமை இல்லாதவரும் எழுந்து கேட்கலாம். வரி எல்லோரும்தான் கட்டுகிறோம்.